நெல்லு மூட்டைக்குள்ள ஒரு குட்டி சென்சர்

வணக்கம் நேயர்களே. நனோ தொழில்நுட்பத்தப் பத்தி பேசச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க, ஆனா நான் நெல்லுல இருந்துதான் தொடங்குவன், கோவிக்கப்படாது.

அறுவடை நேரம் மட்டக்களப்புல வெல்லாவெளி, மண்டூர்ப் பக்கம் போனா பாக்கலாம், யாவாரி வருவார், மூட்டைக்குள்ள கைய விட்டு ரெண்டு நெல்ல எடுத்து கடவாப்பல்லுல வச்சு நறுக்கெண்டு கடிப்பார், கடிச்சிட்டு "ஈரம் கா" எண்டுவார். அவ்வளவுதான், விலை இறங்கிரும். ஈரம் 14 சதவீதத்துக்கு மேல போனா நெல்லு பூஞ்சணம் பிடிக்கும், அது சரிதான். ஆனா பல்லு சொன்னது 14ஆ 17ஆ? எங்கட மாமா ஒருத்தர் நேராவே கேட்டார், "உன்ட பல்லுக்கு ஆரு மனே சேட்டிபிக்கட் தந்தது?" யாவாரி சிரிச்சிட்டு அடுத்த வாசலுக்குப் போயிட்டார், நெல்லு வாசல்லயே கிடந்திச்சு.

அந்த மூட்டைக்குள்ளதான் ஈரத்த அளந்து வெளிய சொல்ற என்ட சென்சர் போகோணும். நனோமீட்டர் எண்டா ஒரு மில்லிமீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு. அந்த அளவு துகள்களால ஒரு பூச்சுப் பூசினா, துகள் சிறுக்கச் சிறுக்க மேற்பரப்பு கூடும், அப்ப கொஞ்ச ஈரம் ஒட்டினாலும் கரண்ட் போற விதம் மாறிரும். அளக்கிறதுக்குப் பெரிசா கரண்டே தேவையில்ல.

கரண்டத் திங்கிறது பேச்சு. திரும்பவும் சொல்றன், அளக்கிறது மலிவு, அளந்தத ரேடியோவால அனுப்புறதுதான் செலவு. ரிமோட்டுல போடுற சீஆர் 2032 பட்டன் பெட்டரியில கிட்டத்தட்ட 225 மில்லி ஆம்பியர் மணி இரிக்கி, அதாவது ஒரு மில்லி ஆம்பியர் இழுத்தா 225 மணித்தியாலம் ஓடும். பத்து மில்லி ஆம்பியர் இழுக்கிற ரேடியோவ விடாம போட்டு வச்சா ஒரு நாள் கூட தாங்காது. அதையே ஒரு மைக்ரோ ஆம்பியர்ல, மில்லி ஆம்பியர்ல ஆயிரத்துல ஒரு பங்குல, தூங்க விட்டா கணக்குப்படி 25 வருசம், அதுக்கு முதல் பெட்டரி தானாச் செத்துரும் எண்டது வேற கதை. அதால நாள் முழுக்கத் தூங்கி, முழிச்சு, ஒரு எண்ணச் சொல்லிட்டு மறுகாவும் தூங்குற சென்சர்தான் நல்ல சென்சர்.

இன்னொரு வில்லங்கம் அன்டெனா. சென்சர நனோவாக்கலாம், ரேடியோ அலைய நனோவாக்க ஏலாது. 2018ல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல 0.3 மில்லிமீட்டர்ல, அரிசியை விடச் சின்னதா ஒரு கம்பியூட்டர் செஞ்சாங்க, வெப்பத்த அளக்கும், ஆனா அன்டெனாவுக்கு இடமில்லாம வெளிச்சத்தாலதான் பேசும். மூட்டைக்குள்ள எங்க வெளிச்சம்? வைபை அலைய ஈர நெல்லு குடிச்சிரும், 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை கொஞ்சம் ஊடுருவும், ஆனா அதுக்குக் கால் அலை அன்டெனாவே, அதாவது அலை நீளத்துல கால்வாசி அன்டெனாவே, 17 சென்ரிமீட்டர் வேணும். வயர மூட்டைத் தையலோட ஓட விடுறதுதான் என்ட யோசன.

நேரம் முடியுதாம், கண்ணாடிக்கு அங்கால கை காட்டுறாங்க. பெட்டரியே இல்லாமலும் செய்யலாம், 2006ல ஜோங் லின் வாங் எண்ட விஞ்ஞானி சிங்க் ஒக்சைட் நனோ கம்பிய வளைச்சு மின்சாரம் எடுத்துக் காட்டினார். மூட்டை ஆடாம கிடக்கும், அங்க சரிவராது. அரிசி மில்லுல மெசின் நாள் முழுக்க நடுங்குது, நான் முதல்ல அங்கதான் பூட்டிப் பாப்பன்.