டால்பின் தந்த குணமா, கடல் தந்த குணமா?

நடுவர் அவர்களே! 'டால்பினோடு நீந்துவது மருத்துவமே' என்று எதிரணி நண்பர் அடித்துப் பேசினார். அதற்கு அவர் நீட்டிய ஆதாரம் 2005-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த, நடு அமெரிக்க நாடான ஹோண்டுராஸில் நடந்த ஆய்வு. சரி, அதையே பிரித்துப் பார்த்துவிடுவோம்.

லேசான அல்லது நடுத்தர மனச்சோர்வு உள்ள 30 பேர். குலுக்கல் முறையில் இரண்டு குழு. ஒரு குழு இரண்டு வாரம், தினம் ஒரு மணி நேரம் டால்பின்களோடு நீரில். மற்றது டால்பின் இல்லாமல் பவளப்பாறைக் கடலில். டால்பின் குழுவுக்குத்தான் சோர்வு அதிகம் குறைந்தது. மறுக்கவில்லை. ஒப்பிட இன்னொரு குழு வைத்ததற்கே பாராட்டலாம், இத்துறையில் பலர் அதைக்கூடச் செய்யவில்லை.

ஆனால் 30 பேரில் 5 பேர் நடுவிலேயே கழன்றுகொண்டார்கள். மிச்சம் 25. தனக்கு டால்பின் கிடைத்ததா இல்லையா என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும்! கிடைத்தவருக்கு உற்சாகம், கிடைக்காதவருக்கு ஏமாற்றம். அந்த வித்தியாசமும் சோர்வை அளக்கும் மதிப்பெண்ணில் ஏறுமா, ஏறாதா?

மருந்து ஆய்வில் போலி மாத்திரை கொடுக்கலாம், போலி டால்பினுக்கு எங்கே போவது என்பீர்கள். அதையும் செய்து பார்த்தாயிற்று ஐயா! பல ஆண்டுகள் டால்பின் சிகிச்சை நடத்திய டேவிட் நாதன்சனே இயந்திர டால்பினை வைத்துக் குறைபாடுள்ள குழந்தைகளிடம் சோதித்தார். 2007-இல் வந்த முடிவு: நிஜ டால்பினுக்குச் சமமான பலன், அல்லது அதைவிட அதிகம். டால்பின் சிகிச்சையை ஆதரித்தவரின் ஆய்வு இது, எங்கள் அணியினுடையது அல்ல.

அடுத்து, 'டால்பினின் மீயொலி, அதாவது நம் காதுக்கு எட்டாத உயர் அதிர்வொலி, உடலைக் குணமாக்கும்' என்றார்கள். மீயொலியால் சிகிச்சை தரும் பிசியோதெரபி கருவி 10 லட்சம் முதல் 30 லட்சம் ஹெர்ட்ஸில் (நொடிக்கு அத்தனை அதிர்வு) இயங்கும். ஜெல் தடவி, அதே இடத்தில் சில நிமிடம் தேய்ப்பார்கள். டால்பின் எழுப்பும் சொடுக்கொலியோ பெரும்பாலும் ஒன்றரை லட்சம் ஹெர்ட்ஸுக்குள். ஒவ்வொரு சொடுக்கும் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. அதுவும் நம் முழங்காலைக் குறிவைத்து நிற்கவா போகிறது? அதற்கு மீன் தேட வேண்டும்!

200 கிலோ விலங்கு முட்டினால் எலும்பு முறியும், பல் பட்டால் தோல் கிழியும். பலனைக் கணக்கிடுபவர் இந்தக் காயங்களையும் அதே தாளில் எழுத வேண்டாமா?

எதிரணிக்கு என் கேள்வி இதுதான். டால்பின், இயந்திர டால்பின், வெறும் நீச்சல் என மூன்று குழு. மூன்றுக்கும் அதே பயிற்றுநர், அதே நீர். யார் எந்தக் குழு என்று தெரியாத மருத்துவர் மதிப்பெண் போட வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். இப்படி ஓர் ஆய்வை எடுத்துக் காட்டுங்கள். அதுவரை இதை உல்லாசம் என்றே சொல்லுங்கள்.