வள்ளியாக நின்ற சுந்தராம்பாள்

வணக்கம். கே.பி. சுந்தராம்பாள் என்றதும் நம்மில் பலருக்குத் தடியூன்றிய ஔவைப் பாட்டிதான் கண்முன் வருகிறார். 'ஔவையார்' வெளிவந்த 1953-இல் அவருக்கு வயது 45கூட ஆகவில்லை! இன்று நான் பேசப்போவது அதற்கும் முந்தைய சுந்தராம்பாளைப் பற்றி.

1908-இல் கொடுமுடியில், வறுமையில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்ந்தார். 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் துடிக்கும் பிள்ளை வேடம். அதற்கு யாரும் அவருக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை.

பிறகு வந்தது ஸ்பெஷல் நாடகம். இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். நடிகர்களைத் தனித்தனியே பேசி வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. 'வள்ளி திருமணம்' என்றால், தினைப்புனத்தில் ஆலோலம் பாடி நிற்கும் வள்ளியிடம் வேடன் வந்து வாயைக் கொடுப்பான். தர்க்கம் தொடங்கிவிடும். அவன் எந்த ராகத்தில் மடக்கினாலும் அந்த இடத்திலேயே பாட்டாலும் பேச்சாலும் திருப்பிக் கொடுக்க வேண்டும். மைக்கும் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவர் காதிலும் ஒவ்வொரு சொல்லும் விழ வேண்டும், அதுவும் விடிய விடிய! தொண்டை கட்டினால் தொழிலே போயிற்று.

1926-இல் இலங்கையில் அவரோடு மேடையேற வந்தவர் நாடக நடிகரும் பாடகருமான செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. "அந்த அம்மாளின் குரலுக்கு முன்னால் நிற்க முடியாது" என்று கிட்டப்பாவை எச்சரித்தார்களாம். உச்சஸ்தாயியில் உலவிய கிட்டப்பாவுக்கே எச்சரிக்கை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கிட்டப்பாவின் அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிக்க, இருவரும் ஊர் ஊராகப் பாடினார்கள், மணமும் செய்துகொண்டார்கள். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று உடுத்திய வெள்ளைப் புடவையைப் பற்றி எல்லோரும் உருகி உருகி எழுதிவிட்டார்கள். எனக்கு அதைவிட அடுத்து நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்றவர், 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே ஆண் வேடம் கட்டினார். வேதியராக வந்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்த லட்சம் சினிமா தந்த விலை என்பதைவிட, மேடை சம்பாதித்துக் கொடுத்த விலை என்பேன்.

காங்கிரஸ் மேடைகளில் பாடியது, 1951-இல் சென்னை மேலவை உறுப்பினரானது, 1970-இல் பத்மஸ்ரீ பெற்றது எல்லாம் பலர் சொன்ன கதை. நீங்கள் அவருடைய பழைய கிராமபோன் தட்டுப் பாடல்களைத் தேடிக் கேளுங்கள். தட்டின் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான்; மேடையில் நீட்டி முழக்கிய பாட்டை அதற்குள் அடக்கியிருப்பார். அதிலும் அவர் மேல்ஸ்தாயியைத் தொடும் இடத்தைக் கவனியுங்கள். சொல் எங்கேயும் சிதையாது.