பரண்ல கிடந்த இங்க்ஜெட் பிரிண்டர்: ஹெட்டைக் குறை சொல்றதுக்கு முன்னாடி பம்பைப் பாருங்க

[திரையில்: மேசை மேல தூசி படிஞ்ச பிரிண்டர். பக்கத்துல டேங்க்ல பாதி இங்க்.]

வணக்கம். இது எப்சன் எல் வரிசை பிரிண்டர். கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு ஜெராக்ஸ் கடைல ஓடிக்கிட்டு இருந்தது. கடையை மூடினப்போ டேங்க்ல இருந்த இங்க்கோட அப்படியே பரண்ல ஏத்திட்டாங்க. வருஷக்கணக்கா அங்கயே கிடந்திருக்கு. இப்போ ஆன் பண்ணினா லைட் எரியுது, பேப்பரை இழுக்குது, இழுத்த பேப்பர் வெள்ளையாவே வெளில வருது.

இதைத் தூக்கிக்கிட்டு சர்வீஸுக்குப் போனா "ஹெட் போயிடுச்சு, புதுசு வாங்கிக்கோங்க"னு சொல்லி அனுப்பிடுவாங்க. ஹெட்னா, பேப்பர் மேல இங்க்கைத் தெளிக்கிற பாகம். புது ஹெட்டுக்கு ஆகிற காசுல செகண்ட் ஹேண்ட் பிரிண்டரே வாங்கிடலாம்னு கணக்குப் போட்டு, வண்டி காயலான் கடைக்குப் போயிடும். நான் பார்த்த வரைக்கும், இப்படிக் கிடந்த பிரிண்டர்ல பெரும்பாலும் ஹெட் உயிரோடதான் இருக்கும். ஹெட்டுக்கு அடியில உட்கார்ந்திருக்கிற பம்ப்தான் அடைச்சுக் கிடக்கும். அதை முதல்ல சரி பண்ணாம ஹெட்டோட மல்லுக்கட்டுறது வீண் வேலை. எப்படிச் சரி பண்றதுன்னு பார்ப்போம்.

முதல்ல, உள்ள என்ன நடந்திருக்குன்னு தெரிஞ்சுக்கணும். இந்த இங்க்ல பெரும்பகுதி தண்ணி. அதோட சாயம், சீக்கிரம் காயாம இருக்க கிளைக்கால் மாதிரி சில திரவங்கள். தண்ணி மெல்ல ஆவியாகிப் போனா, மிச்சம் இருக்கிறது பிசுபிசுன்னு கெட்டியாகி துளையில உட்கார்ந்துக்கும். இந்த மாடல் ஹெட்ல கறுப்புக்கு 180 துளை, மத்த மூணு கலருக்கும் தலா 59 துளை. ஒவ்வொண்ணும் தலைமுடியை விடச் சின்னது.

"கடலூர்ல எப்பவும் காத்துல ஈரம்தானே, இங்க எப்படிக் காயும்?"னு கேப்பீங்க. கான்கிரீட் கூரைக்குக் கீழ, பரண்ல, அக்னி நட்சத்திரத்துல கைய வச்சுப் பாருங்க, தெரியும். கடல் காத்து வேற வேலை பண்ணும். ஸ்பிரிங், இரும்புக் கம்பி, கேபிள் நுனி எல்லாத்துலயும் உப்பு ஈரம் ஏறித் துரு பிடிக்கும். ஆக நம்ம ஊர்ல ரெண்டு பக்கமும் அடி.

ஒரு நல்ல சேதி. இந்த மாடலுக்குப் போடுற 664 இங்க் நாலு கலருமே சாய இங்க். காய்ஞ்சாலும் தண்ணியில திரும்பக் கரையும். கேனான் ஜி வரிசை டேங்க் பிரிண்டர்லயும், நிறைய ஹெச்பி பிரிண்டர்லயும் கறுப்பு மட்டும் பிக்மென்ட் இங்க், அதாவது நுண்ணிய தூள் மிதக்கிற இங்க். அது காய்ஞ்சா பிடிவாதம் பிடிக்கும், நேரம் கூடுதலா கொடுக்கணும்.

சரி, எல்லாரும் முதல்ல செய்றது என்ன? கம்ப்யூட்டர்ல போய் ஹெட் க்ளீனிங் பட்டனை அழுத்துறது. வரலைன்னா இன்னொரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை. தயவுசெஞ்சு வேண்டாம். ஹெட் க்ளீனிங்னா பிரிண்டர் ஹெட்டைக் கழுவுதுன்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அப்படி எதுவும் கிடையாது. வலது கோடியில ஒரு ரப்பர் விளிம்பு வச்ச கிண்ணம் இருக்கு, கேப்பிங் ஸ்டேஷன்னு பேரு. அது மேல எழும்பி ஹெட்டோட அடியை இறுக்கமா மூடும். கீழ இருக்கிற பம்ப் உறிஞ்சும். அந்த இழுப்புலதான் டேங்க்ல இருந்து இங்க் ஹெட் வழியா இறங்கி வரும். கிண்ணத்தோட விளிம்புல காய்ஞ்ச இங்க் ஒட்டியிருந்தாலோ, அடியில இருக்கிற ட்யூப் அடைச்சிருந்தாலோ, எத்தனை தடவை க்ளீனிங் கொடுத்தாலும் ஓட்டை விழுந்த ஸ்ட்ராவுல இளநி உறிஞ்சுற கதைதான்.

[திரையில்: ஹெட்டைச் சுமந்துக்கிட்டு ஓடுற கேரேஜ் நகர்ந்த பிறகு தெரியும் கேப்பிங் ஸ்டேஷன், கிட்டத்துல. கறுத்துப் போன ஸ்பாஞ்சு.]

வேலைக்கு என்னென்ன வேணும்? மெடிக்கல் ஷாப்புல 10 மில்லி சிரிஞ்சு ரெண்டு வாங்குங்க, ஊசி வேண்டாம். டிரிப்ஸ் ஏத்துற ஐ.வி. செட் ஒண்ணு, அதோட ட்யூபைத் துண்டு போட்டா நமக்கு வேணும்கிற குழாய் கிடைச்சிடும். தண்ணிதான் முக்கியம். போர் தண்ணி கூடவே கூடாது, கடற்கரை ஊர் போர் தண்ணி காய்ஞ்சா வெள்ளையா உப்பு பூக்கும். கேன் தண்ணியிலயும் தாது உப்பு இருக்கு. டிஸ்டில்டு வாட்டர்தான் வேணும். பேட்டரி கடைல பாட்டில்ல கிடைக்கும், ஆனா ஆசிட் கலந்த பாட்டிலை மாத்தி எடுத்துடாதீங்க. சந்தேகமா இருந்தா அதே மெடிக்கல்ல ஊசி மருந்து கலக்குற ஸ்டெரைல் வாட்டர் சின்னச் சின்னதா விக்கும், அதை வாங்கிக்கோங்க. கண்ணாடி துடைக்கிற நீலத் திரவம், ஸ்பிரிட், பெட்ரோல் இதெல்லாம் யூட்யூப்ல ஊத்துறாங்க. சாய இங்க்குக்கு அதெல்லாம் தேவையே இல்ல.

பிளக்கைச் சொருகுறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. பல்லி முட்டை, கரப்பான் எச்சம், பழைய ஸ்டேப்ளர் பின் எது வேணா இருக்கும். கேரேஜுக்குப் பின்னாடி குறுக்கால ஒரு கண்ணாடி மாதிரி மெல்லிசான பட்டை ஓடும், என்கோடர் ஸ்ட்ரிப். ஹெட் இப்போ எந்த இடத்துல நிக்குதுன்னு பிரிண்டருக்குச் சொல்றது அதுதான். அதுமேல பல்லி எச்சம் பட்டிருந்தா, கேரேஜ் ஓடிப் போய் ஓரத்துல 'டமார்'னு இடிக்கும், எரர் காட்டும். மெல்லிசான துணியில துளி டிஸ்டில்டு வாட்டர் நனைச்சு மெதுவா துடைச்சாப் போதும்.

இப்போ ஆன் பண்ணுங்க. கேரேஜ் வலது கோடியை விட்டு நடுவுக்கு வந்த உடனே பிளக்கை உருவிடுங்க. இனிமே அதைக் கையால தள்ளலாம். பூட்டியிருக்கும்போது பலமா இழுத்தீங்கன்னா கிண்ணத்தோட ரப்பர் கிழிஞ்சிடும்.

கிண்ணத்துக்குள்ள ஸ்பாஞ்சு கறுப்பா இறுகிப் போயிருக்கு பாருங்க. வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரைச் சிரிஞ்சுல எடுத்து, கிண்ணம் நிறையுற அளவுக்கு விடுங்க. கால் மணி நேரம் ஊறட்டும். கறுப்புத் தண்ணியை டிஷ்யூல ஒத்தி எடுங்க, திரும்ப விடுங்க. தண்ணி தெளியுற வரைக்கும் இதே வேலை. விளிம்பு ரப்பரையும், பக்கத்துல நிக்கிற வைப்பர் ரப்பரையும் காது குடையுற பட்ஸால துடைங்க.

இந்தக் கடைக்கார அண்ணன் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தாரு. "ஏன்பா, கொதிக்கிற தண்ணி ஊத்தினா சட்டுனு கரையாதா?"ன்னாரு. "வேணாம்ணே, ஹெட்டுக்குள்ள ஒட்டு போட்டு ஒட்டின பாகம் இருக்கு, சூடு தாங்காது. கை பொறுக்கிற சூடு போதும்"னு சொன்னேன். அவசரம்தான் இந்த வேலைக்கு முதல் எதிரி.

அடுத்தது பம்ப் சோதனை. இந்த வீடியோல ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வச்சுக்க முடியும்னா இதை வச்சுக்கோங்க. கிண்ணம் நிறைய தண்ணி விட்டு, கேரேஜை அது மேல தள்ளி, ஆன் பண்ணி, ஒரே ஒரு ஹெட் க்ளீனிங் கொடுங்க. முடிஞ்சதும் முன்ன செஞ்ச மாதிரியே கேரேஜை நடுவுக்கு வர வச்சுப் பாருங்க. தண்ணி காணாமப் போயிருந்தா பம்ப் உறிஞ்சுது, பாதி வேலை முடிஞ்சுது. தண்ணி அப்படியே நின்னா, கிண்ணத்துக்கு அடியில போற ட்யூப் அடைச்சிருக்கு, இல்ல கழண்டிருக்கு. பம்ப்னா மோட்டார் வச்ச பெரிய சமாச்சாரம் ஒண்ணும் இல்ல; ஒரு ரப்பர் ட்யூபை உருளை ஒண்ணு நசுக்கிக்கிட்டே சுத்தும், அவ்வளவுதான். கிண்ணத்து வாய்ல ஐ.வி. ட்யூபை வச்சு, சிரிஞ்சால மெதுவா தண்ணியை அழுத்தியும் உறிஞ்சியும் விட்டீங்கன்னா அடைப்பு இளகும்.

இந்த பிரிண்டர்லயும் தண்ணி அசையாம அப்படியேதான் நின்னுச்சு. ட்யூப் அடைப்பு எடுத்த பிறகு ஹெட்டைத் தொடாமலேயே மஞ்சளும் நீலமும் வர ஆரம்பிச்சிடுச்சு.

[திரையில்: முதல் நாசில் செக் தாள், அதாவது எந்தெந்தத் துளையில இங்க் வருதுன்னு பிரிண்டரே அடிச்சுக் காட்டுற சோதனைத் தாள். கறுப்பும் சிவப்பும் விட்டு விட்டு.]

மிச்சக் கலருக்கு ஊற வைக்கணும். கிண்ணத்துல தண்ணி நிரப்பி, ஹெட்டை அது மேல நிறுத்தி, ராத்திரி முழுக்க விட்டுடுங்க. காலையில நாசில் செக் எடுங்க. இந்தத் தாளைப் படிக்கத் தெரிஞ்சா பாதி மெக்கானிக் ஆயிடலாம்.

படிக்கட்டு மாதிரி கோடுகள் இருக்கும். ரெண்டு தாள் எடுத்து ஒண்ணு மேல ஒண்ணா ஒப்பிடுங்க. ரெண்டுலயும் அதே படி விட்டுப் போயிருந்தா, அந்தத் துளை அடைச்சிருக்கு, இன்னும் ஊறணும். விட்டுப் போன இடம் தாளுக்குத் தாள் மாறிக்கிட்டே இருந்தா அது அடைப்பு இல்ல, காத்து. ட்யூப்ல இங்க் வடிஞ்சு காத்துக் குமிழி ஏறியிருக்கும். ஒரு கலர் மொத்தமா இல்லைன்னாலும் முதல்ல ட்யூபைத்தான் சந்தேகப்படணும். முதல் தாள் நல்லா வந்து அப்புறம் போகப் போக வெளுத்தா, இங்க் வந்து சேர மாட்டேங்குது. எல் வரிசைல சில மாடல்ல பக்கத்துல ஒரு வால்வு இருக்கும், பிரிண்டரைத் தூக்கிட்டுப் போகும்போது மூடி வைக்கிறதுக்கு. பரண்ல வச்சவங்க அதை மூடிட்டு மறந்திருப்பாங்க. அதைத் திறந்துட்டா விஷயம் முடிஞ்சது. இங்கேயும் அது மூடித்தான் இருந்துச்சு, நான் ஆரம்பத்துலயே திறந்து வச்சிட்டேன்.

க்ளீனிங் மூணு தடவைக்கு மேல தொடர்ந்து கொடுக்காதீங்க. 12 மணி நேரம் சும்மா விட்டுட்டு திரும்ப நாசில் செக் எடுங்க. சும்மா நிக்கிற நேரத்துலதான் புது இங்க் பழைய கட்டியை இளக்கும், குமிழியும் அடங்கும்.

அப்பவும் வரலைன்னாதான் ஹெட்ல நேரடியா கைவைக்கிறது. ட்யூப்ல வர்ற இங்க்கை ஹெட்டுக்குக் கொடுக்கிற சின்ன அறையான டேம்பரைக் கழட்டி, ஹெட்டோட முனையில ஐ.வி. ட்யூபைச் சொருகி, சிரிஞ்சால ஒண்ணு ரெண்டு மில்லி மட்டும், சொட்டுச் சொட்டா. பலமா அழுத்தினா உள்ள பிரிச்சு வச்சிருக்கிற சவ்வு பிஞ்சு, மஞ்சள் கேட்டா பச்சை வரும். இன்னொண்ணு, ஹெட்டுக்குப் போற வெள்ளைப் பட்டைக் கேபிள் மேல ஒரு துளி ஈரம் கூடப் படக் கூடாது. ஈரத்தோட ஆன் பண்ணினா ஷார்ட் ஆகி போர்டே போயிடும். ஹெட் போச்சுன்னு சொல்லப்படுற பிரிண்டர்ல சிலது இப்படிப் போனதுதான். நல்லாக் காய்ஞ்ச பிறகு பிளக்கைச் சொருகுங்க.

டேங்க்ல இருந்த பழைய இங்க்கை நான் சிரிஞ்சால உறிஞ்சி எடுத்துட்டேன். அடியில வண்டல் மாதிரி தங்கியிருந்துச்சு. அதை மிச்சம் பிடிக்கணும்னு ஆசைப்பட்டா செஞ்ச வேலை எல்லாம் வீண்.

உறிஞ்சின இங்க்கும் தண்ணியும் எங்க போகுது? பிரிண்டருக்குள்ளயே ஒரு பஞ்சு டப்பாவுக்கு, வேஸ்ட் இங்க் பேட். எவ்வளவு நிரம்பியிருக்குன்னு பார்க்க சென்சார் கிடையாது, பிரிண்டர் ஒரு கணக்கு மட்டும் வச்சிருக்கும். கணக்கு முடிஞ்சதும் லைட் மாத்தி மாத்தி மின்னி வேலையை நிறுத்திடும். ரீசெட் சாஃப்ட்வேர் வச்சு கணக்கை மட்டும் அழிக்கிறவங்க இருக்காங்க; பஞ்சு நிரம்பினது நிரம்பினதுதான், ஒரு நாள் மேசை மேல வழியும். பேடை வெளில எடுத்து, அலசிப் பிழிஞ்சு, மொட்டை மாடியில காய வைங்க. வெள்ளை டைல்ஸ் போட்ட பாத்ரூம்ல அலசாதீங்க, வீட்ல சண்டை வரும்.

சாதாரண ஹெச்பி டெஸ்க்ஜெட்டும், சின்ன கேனான் பிரிண்டரும் வச்சிருக்கிறவங்களுக்கு வேலை ரொம்பச் சுலபம். அதுல ஹெட்டே கார்ட்ரிட்ஜ்ல ஒட்டித்தான் வரும். வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச டிஷ்யூ மேல அடிப்பக்கத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, ஒத்திப் பாருங்க. கலர் கார்ட்ரிட்ஜ்னா மூணு கலரும் பட்டையா பதியணும். பதியலைன்னா புது கார்ட்ரிட்ஜ் போட்டா ஹெட்டும் புதுசு. செப்புப் புள்ளிகள் இருக்கிற பக்கம் மட்டும் ஈரமாக்காதீங்க.

பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட் பக்கம் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. காந்தி வீதியில பழைய பிரிண்டர் கண்ணுல பட்டா, பிளக் போட்டுப் பார்க்க அங்க வழி இருக்காது. மூடியைத் திறந்து இங்க் ட்யூபைப் பாருங்க. ட்யூப் முழுக்கக் காய்ஞ்சு கறை மட்டும் இருந்தா விலையை நல்லா அடிச்சுக் கேளுங்க. ஓரத்துல, ஸ்க்ரூ தலையில, மூலை முடுக்குல வண்டல் மண் படிஞ்சிருந்தா வாங்கவே வாங்காதீங்க. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரையைக் கடந்தப்போ எத்தனையோ வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு. வெள்ளத்துல முங்கின பிரிண்டரோட பவர் போர்டை நம்ப முடியாது.

இந்தப் பிரிண்டருக்கு வருவோம். நாலு கலரும் வருது. கறுப்புல ரெண்டு படி மட்டும் இன்னும் இல்ல, எழுத்துல அது தெரியவே தெரியாது. பேப்பர் இழுக்கிற ரோலரை ஈரத் துணியால ஒரு தடவை துடைச்சேன், ரெண்டு ரெண்டு தாளா இழுத்தது நின்னுச்சு. பரண்ல அதோட இருந்த பேப்பர் கட்டு ஈரம் ஏறி வளைஞ்சிருந்தது, அதைப் போடலை.

அண்ணன்கிட்ட ரெண்டு விஷயம் சொல்லி அனுப்பினேன். வாரம் ஒரு தடவை நாலு கலரும் இருக்கிற மாதிரி ஒரு பக்கமாவது அடிங்க. அப்புறம், பிரிண்டர்ல இருக்கிற பட்டனை அழுத்தி ஆஃப் பண்ணுங்க. அது ஹெட்டைக் கொண்டு போய் கிண்ணத்துல மூடி வச்சுட்டுத்தான் அணையும். ஓடிக்கிட்டு இருக்கும்போதே செவுத்து சுவிட்சைத் தட்டினா ஹெட் பாதி வழியில திறந்தபடி நிக்கும். கரண்ட் போனாலும் இதே கதைதான். கரண்ட் வந்ததும் ஒரு தடவை ஆன் பண்ணி, பட்டன்ல ஆஃப் பண்ணிடுங்க.