ஸ்காபரோப் பூங்காவில் அம்மம்மாவுக்கு ஓர் இடம்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். ஓய்வு பெற்றபின் கனடாவில், ரொறன்ரோ நகரத்தின் ஸ்காபரோவில் இருக்கும் மகளிடம் வந்து தங்கியிருக்கிறேன். "இங்க வந்து பார்த்த பூங்காக்களைப் பற்றிக் கொஞ்சம் கதையுங்கோ மாஸ்டர்" என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். மைதானத்திலேயே ஆயுளைக் கழித்தவனுக்கு இதைவிட விருப்பமான பொருள் வேறில்லை.

தொம்சன் நினைவுப் பூங்காவிலிருந்து தொடங்குகிறேன். பிறிம்லி வீதியில், லோறன்ஸ் அவெனியூவுக்குச் சற்று வடக்கே இருக்கிறது. நேயர்களில் பலருக்கு அது வீட்டு முற்றம் மாதிரிப் பழகிய இடம். ஊரிலிருந்து புதிதாக வந்தவன் அங்கே முதலில் தயங்குவது புல்லுக்கு முன்னால்தான். மிதிக்கலாமா, யாராவது விசில் ஊதுவார்களா என்று கால் தானாக நிற்கும். இங்கே பிள்ளைகள் அந்தப் புல்லில் புரளுகிறார்கள். மேட்டிலிருந்து உருண்டு வருகிறார்கள். ஒருவரும் தடுப்பதில்லை. பச்சைப் புல்லைப் பார்ப்பதற்கென்று வைக்காமல் மிதிப்பதற்கென்று வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்துக்கொண்டது.

பூங்காவின் பெயருக்குரியவர்கள் டேவிட் தொம்சன், மேரி தொம்சன் என்ற தம்பதியர். ஸ்கொட்லாந்திலிருந்து வந்து 1796இல் இந்தக் காட்டுக்குள் குடியேறியவர்கள். அவர் கல் கட்டும் மேசன். பூங்காவுக்குள்ளேயே ஸ்காபரோ நூதனசாலை இருக்கிறது. மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டிய பழைய வீடொன்றையும், 1858இல் கட்டிய கோர்னெல் வீட்டையும் அங்கே பேணி வைத்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளோடு போகிறவர்கள் ஊஞ்சலோடு திரும்பிவிடாமல் அந்தக் குற்றி வீட்டின் வாசலில் ஒருமுறை நின்று பாருங்கள். ஓர் இடத்துக்கு முதன்முதலில் வந்து, குளிரையும் மரத்தையும் தவிர வேறொன்றும் தெரியாமல் நின்றவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று எங்கள் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தொம்சன் குடும்பத்துக்கு முன்பும் இது வெற்று நிலமாக இருக்கவில்லை. அங்கிருந்து வெகுதூரம் இல்லாத டேபர் ஹில்லில், 1956இல் வீடுகள் கட்ட மண்ணைத் தோண்டியபோது வென்டாட் என்ற பூர்வகுடி மக்களின் பழைய கூட்டுப் புதைகுழி வெளிப்பட்டது. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் அதில் இருந்தன. குடியிருப்புகளுக்கு நடுவே அந்த மேடு இன்றும் காக்கப்படுகிறது. நாங்கள் ஓடியாடும் நிலம் முதலில் யாருடையது என்பதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் பக்கத்தில் இல்லை.

வந்த புதிதில் எனக்கு விளங்காத ஒன்று இருந்தது. வீட்டு விலை இவ்வளவு ஏறிய நகரத்தில், பள்ளத்தாக்குகளை மட்டும் எப்படி இப்படி வெறுமையாக விட்டிருக்கிறார்கள்? ஹைலண்ட் ஓடை போகும் வழியெல்லாம் காடும் புல்வெளியும்தான். காரணம் ஒரு புயல். 1954 ஒக்ரோபர் 15ஆம் திகதி இரவு ஹேசல் சூறாவளி ரொறன்ரோவைத் தாக்கியது. ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் இருந்த ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர். அதன் பிறகுதான் வெள்ளம் பாயும் தாழ்நிலங்களில் வீடு கட்டக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். அந்த நிலங்களைப் பொதுவுக்கு வாங்கினார்கள். அவற்றைக் கவனிக்க 1957இல் தனி அதிகாரசபை ஒன்றும் அமைத்தார்கள். இன்று எங்கள் பிள்ளைகள் பந்தடிக்கும் பள்ளத்தாக்குகள் பல அப்படி மிஞ்சியவை. ஒரு பேரழிவிலிருந்து பாடம் படித்து, எழுபது வருடமாக அந்த முடிவிலேயே நிற்கிறார்களே, அந்த உறுதியை நான் மதிக்கிறேன்.

இனி விளையாட்டிடத்துக்கு வருவோம். என் தொழில் பார்வை அங்கே கீழே, நிலத்துக்குத்தான் போகும். பிள்ளை ஏறும் உயரத்தைவிட அது விழும் தரையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இங்கே ஏணிக்கும் சறுக்கிக்கும் கீழே சீமெந்து கிடையாது. தடிப்பாக மரச்சீவல் பரப்பியிருப்பார்கள், அல்லது மணல், அல்லது றப்பர் விரிப்பு. ஊஞ்சலைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும், எந்த உயரத்துக்கு எவ்வளவு ஆழம் சீவல் வேண்டும் என்றெல்லாம் இந்த நாட்டில் எழுதிவைத்த நியமம் உண்டு. ஆகவே பிள்ளை கொஞ்சம் உயரே ஏறினால் "இறங்கு, இறங்கு" என்று கத்தாதீர்கள். விழுந்தாலும் தாங்கத்தான் அந்தத் தரை. ஏறிப் பழகாத பிள்ளைக்குத் தன் உடம்பின் அளவு தெரியாது. ஊரில் மாமரமும் கொய்யாவும் எங்களுக்குக் கற்றுத்தந்ததை இங்கே இந்தக் கம்பிகள்தான் கற்றுத்தர வேண்டும். ஊஞ்சலுக்கு அருகில் சீவல் விலகிக் குழி விழுந்திருந்தால் மட்டும் காலால் இழுத்து மூடிவிட்டு ஏற்றுங்கள். அதிகம் ஆடும் இடத்தில்தான் அது முதலில் குறையும்.

பேஸ்போல் திடல், ரெனிஸ் தளம் எல்லாம் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.

நான் ஆற அமரப் பேச விரும்புவது கோடைகால ஒன்றுகூடலைப் பற்றி. யூன் பிறந்தால் போதும், தொம்சன், மோர்ணிங்சைட், மில்லிகன் என்று எந்தப் பூங்காவுக்குப் போனாலும் சனி ஞாயிறுகளில் ஏதோ ஒரு பழைய மாணவர் சங்கமோ ஊர்ச் சங்கமோ பதாகை கட்டியிருக்கும். 25 பேருக்கு மேல் கூடுவதென்றால் மாநகராட்சியிடம் அனுமதி எடுக்க வேண்டும். மேசைப் பகுதிகளுக்கு இலக்கம் உண்டு. அதையெல்லாம் எங்கள் சங்கச் செயலாளர்கள் பனி கொட்டும் மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறார்கள். பிறகு அந்த நாளில் கொத்துரொட்டித் தகரம் அடிபடும் சத்தம், ஒரு பக்கம் கூழ், சாக்கோட்டம், முட்டி உடைத்தல், கயிறு இழுத்தல். கயிறு இழுக்கையில் ஊரின் வடக்குப் பக்கமும் தெற்குப் பக்கமும் இன்னும் அணி பிரிகின்றன. ஊர்ப் பாடசாலைகளில் இல்லத்துக்கு இல்லம் கொடி பிடித்து நடத்திய மெய்வல்லுநர் போட்டிகளை நினைத்துக்கொண்டு பார்க்கிறேன். உழைத்துக் களைத்த ஒரு சமூகம், கிடைத்த ஒரேயொரு ஓய்வுநாளில் இவ்வளவையும் செய்கிறதே என்று நெஞ்சு நிறைகிறது.

ஆனால் அந்தக் கூட்டத்திலே நான் தேடிப் பார்க்கும் ஆட்கள் வேறு. அம்மம்மாக்கள், அப்பப்பாக்கள். காரிலிருந்து இறக்கி, மேசைக்குப் பக்கத்தில் மடக்குக் கதிரையில் இருத்துகிறார்கள். "அம்மா, சாப்பாட்டுச் சாமானைப் பாத்துக்கொள்ளுங்கோ, இப்ப வாறம்." அவ்வளவுதான். மாலை வரைக்கும் அந்த அம்மாவின் வேலை பாத்திரக் காவல். நிழல் நகர்ந்துவிடும், கதிரை நகராது. மலசலகூடம் எட்டத்தில் இருந்தால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். இதை வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள். வயதானவர் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் இருப்பது ஆபத்து. ஒரு பூங்கா நல்லதா என்று அளக்க என்னிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றுதான். அங்கே ஓர் அம்மம்மாவால் எவ்வளவு நேரம் சுகமாக இருக்க முடிகிறது?

ஓர் ஒன்றுகூடலில் இளையவர்கள் கிளித்தட்டு மறிக்க ஆசைப்பட்டார்கள். எதிரணி கோடுகளைக் கடந்து போகாமல் மறிக்கும் எங்கள் ஊர் ஆட்டம் அது. புல்லில் கயிற்றை விரித்துக் கோடு போட்டார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஆட்டம் பிடிபடவில்லை. குறுக்குக் கோட்டில் நிற்பவர் அந்தக் கோட்டை விட்டு வரக்கூடாது, மறிக்கும் அணியில் 'கிளி' என்கிற ஆள் மட்டும் நடுக்கோட்டாலும் ஓடி மறிக்கலாம் என்பதை இங்கிலிசில் சொல்லி முடிப்பதற்குள் சண்டையே வந்துவிட்டது. பாத்திரங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஓர் அம்மா மெல்ல எழும்பி வந்தார். எழுபதைத் தாண்டியிருக்கும். சேலையைச் செருகிக்கொண்டு கோட்டிலே நின்று, கையை விரித்துக் காட்டினார். "காலைப் பாக்காத பிள்ளை, அவன்ர இடுப்பைப் பார்." எந்த விளையாட்டிலும் மறிப்பவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய முதல் பாடம் அது. காலாலும் தலையாலும் ஏமாற்றலாம், இடுப்பு போகும் பக்கம்தான் ஆள் போவான். நான் பயிற்சிக் கல்லூரியில் படித்துத் தெரிந்துகொண்டதை அந்த அம்மா ஒழுங்கையில் விளையாடித் தெரிந்துவைத்திருந்தார். பிறகு நெடுநேரம் அவர்தான் மத்தியஸ்தர். பாத்திரங்களை மருமகன்மார் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தக் கோடையில் ஒன்றுகூடல் ஒழுங்குசெய்பவர்களிடம் கேட்கிறேன். அனுமதி எடுக்கும்போதே மலசலகூடத்துக்குக் கிட்டிய பகுதியைக் கேட்டு வாங்குங்கள். பின்னேரம் எந்த மரத்தின் நிழல் எங்கே விழும் என்று அதற்கு முந்திய கிழமையே போய்ப் பார்த்து, அங்கே மூத்தவர்களின் மேசையைப் போடுங்கள். நிகழ்ச்சி நிரலில் அவர்களுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கதிரைப் போட்டி மட்டும் வைத்துக் கணக்குத் தீர்க்காதீர்கள். அவர்களிடம் ஆட்டத்தைக் கற்பிக்கக் கொடுங்கள்.

நகரசபை உறுப்பினர்கள் பூங்காத் திருத்தத்துக்குக் கருத்துக் கேட்கும் கூட்டங்களுக்கும் எங்கள் ஆட்கள் போக வேண்டும். விளையாட்டிடத்துக்கு எதிரே முதுகு சாய்க்கிற, கை ஊன்றி எழும்பக்கூடிய வாங்கு வேண்டும் என்று கேளுங்கள். குளிர்காலத்தில் பூட்டுகிற மலசலகூடங்களில் இன்னும் சிலவற்றைத் திறந்துவைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்காதவருக்கு இந்த நாட்டில் ஒன்றும் நடவாது, கேட்டால் பல நடக்கிறது.

கடைசியாக, இந்த உரையை நிலக்கீழ் அறையில் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும் என் வயதுக்காரரிடம் சில வார்த்தை. பிள்ளைகளிடம் வந்து தங்கப் பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிமாருக்கும் கொடுக்கும் சுப்பர் விசா 2011இல் தொடங்கியது. 2022 யூலைக்குப் பிறகு ஒருமுறை வந்தால் ஐந்து வருடம் வரை தங்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். ஐந்து வருடத்தைச் சுவரைப் பார்த்துக் கழிக்க முடியாது. மகனோ மகளோ கார் எடுத்து வரும் சனிக்கிழமைக்காகக் காத்திருக்காதீர்கள். தொம்சன் பூங்காவுக்கு 54ஆம் இலக்க லோறன்ஸ் பஸ்சில் வந்து பிறிம்லிச் சந்தியில் இறங்கலாம். வடக்கே இருப்பவர்களுக்கு 21ஆம் இலக்க பிறிம்லி பஸ் இருக்கிறது. 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்குப் பஸ்சில் காசு இல்லை. கிழமை நாளில் காலை பத்து மணிக்குப் போனால் ஊஞ்சலும் வாங்கும் உங்களுக்குத்தான்.

செப்ரெம்பர் கடைசியில் மோர்ணிங்சைட் பூங்காவுக்கும் போங்கள். ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் சாமன் மீன்கள் முட்டையிட ஹைலண்ட் ஓடையில் எதிர்நீச்சல் போட்டு ஏறும். முழங்கால் ஆழத் தண்ணீரில், கை நீளத்துக்கு மீன். கரையிலிருந்து பாருங்கள், பிள்ளைகள் கல் எறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்துக் காடுகளில் லைம் நோயைக் கொண்டுவரும் கருங்கால் உண்ணி உண்டு. நீளக் காற்சட்டை போட்டு, நடைபாதையை விட்டு உயர்ந்த புல்லுக்குள் இறங்காமல் நடவுங்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, கக்கம், காதுக்குப் பின்புறம் எல்லாம் தடவிப் பாருங்கள்.

கேட்டுக்கொண்டிருந்த அனைவருக்கும், வாய்ப்புத் தந்த நிலையத்தாருக்கும் நன்றி. வணக்கம்.