நைரோபியிலிருந்து காட்பாடிக்கு விமானத்தில் வந்த என் பைக்

வணக்கம். எனக்குப் பின்னால் பலகைகளாகச் சாய்ந்திருப்பது, என் ஹிமாலயன் 411-ஐ நைரோபியிலிருந்து சுமந்து வந்த மரப்பெட்டி. வண்டி நேற்று இரவு காட்பாடியில் எங்கள் வீட்டு வாசலில் இறங்கியது. கென்யா, தான்சானியா சாலைகளை முந்தைய பதிவுகளில் காட்டிவிட்டேன். சொந்த வண்டியை விமானச் சரக்காக ஊருக்குக் கொண்டுவருவதைப் பற்றி மட்டுமே இன்று பேசுகிறேன்.

ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கும் என் மாமா, நான் புறப்படும் முன்பே, “விமானத்தில் கனத்துக்கு மட்டுமில்லை மாப்பிள்ளை, அடைக்கிற இடத்துக்கும் காசு” என்று சொல்லியிருந்தார். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000 ஆல் வகுத்தால் வருவது வால்யூம் எடை. அதுவும் தராசு காட்டும் எடையும் எவ்வளவு வித்தியாசப்பட்டாலும், எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். நைரோபியில் இருந்த சரக்கு முகவர் முதலில் குறித்த பெட்டி 225, 90, 130 என்ற அளவில் இருந்தது. கணக்குப் போட்டால் 439 கிலோ. முன்சக்கரம், ஹேண்டில்பார், கண்ணாடிகள், விண்ட்ஷீல்டு எல்லாவற்றையும் கழற்றி வண்டிக்கு அருகிலேயே கட்டிய பிறகு, 195, 75, 110 அளவுள்ள பெட்டி போதுமானதாக இருந்தது. அதன் கணக்கு 268 கிலோதான். அரை நாள் ஸ்பேனர் வேலையில் 171 கிலோவுக்கான கட்டணம் மிச்சமானது.

பெட்ரோல் வண்டி விமான விதிகளின்படி ஆபத்தான சரக்கு. அதன் எண் யு.என். 3166, வகுப்பு 9. டேங்கை முடிந்தவரை காலி செய்ய வேண்டும், எப்படியும் கால் டேங்கைத் தாண்டக் கூடாது. பக்கப்பெட்டிக்குள் கேம்பிங் அடுப்பின் கேஸ் குப்பியை மறந்தும் விட்டுவிடாதீர்கள். பெட்டியின் மரமும் 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டு, கோதுமைக் கதிர் படமுள்ள முத்திரை பெற்றிருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது கார்னெட். ‘இந்த வண்டியை விற்றுவிடாமல் திரும்ப எடுத்துச் செல்வேன்’ என்று உத்தரவாதப் பணம் கட்டி வாங்கும் புத்தகம் அது. ஒவ்வொரு தாளின் அடிப்பகுதியையும் நாட்டுக்குள் நுழையும்போது சுங்கத்தினர் கிழித்துக்கொள்வார்கள், நடுப்பகுதியை வெளியேறும்போது கிழிப்பார்கள். மேல்பகுதி இரண்டு முத்திரைகளோடும் நம் கையில் இருக்க வேண்டும். நைரோபியில் பெட்டியை மூடி ஆணியடித்த பிறகு முகவர் புத்தகத்தைத் திருப்பித் தந்தார். விரித்துப் பார்த்தால் வெளியேறும் முத்திரை இல்லை. அப்படியே கிளம்பியிருந்தால், வண்டி கென்யாவிலேயே தங்கிவிட்டது என்று கருதி என் உத்தரவாதப் பணத்திலிருந்து வரி கேட்க அந்நாட்டுச் சுங்கத்தினருக்கு வழி இருந்திருக்கும். மறுநாள் காலை ஒரு பக்கப் பலகையைப் பெயர்த்து, அதிகாரி சேஸிஸ் எண்ணை ஒப்பிட்டு முத்திரையிடும் வரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. உங்களுக்கும் இதையே கேட்டுக்கொள்கிறேன்: முத்திரையைக் கண்ணால் பார்க்காமல் ஊருக்கு விமானம் ஏறாதீர்கள். ஒருவேளை தவறிவிட்டாலும், வண்டி இப்போது இந்தியாவில்தான் இருக்கிறது என்று இங்குள்ள சுங்கத்தினர் சான்றளிப்பதற்கு அந்தப் புத்தகத்திலேயே இடம் இருக்கிறது.

மீனம்பாக்கத்தில் வேலை சுமுகமாக நடந்தது. ஏர்வே பில்லை, அதாவது விமானச் சரக்கு ரசீதைக் காட்டி, சரக்கை எடுப்பதற்கான டெலிவரி ஆர்டர் வாங்கினோம். சுங்க வேலைகளைப் பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட் தாள்களைத் தாக்கல் செய்தார். அதிகாரி என்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஆர்.சி.யோடு சரிபார்த்தார். சரக்கு கிடங்கில் தேங்கினால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும் என்பதால், வார இறுதியில் வந்து சேரும் விமானத்தைத் தவிர்த்து, திங்கட்கிழமை இறங்கும்படி முன்பதிவு செய்திருந்தேன். ஆனால் ஒன்றைக் கவனிக்காமல் விட்டது என் தவறு: நான் வெளிநாட்டில் இருந்தபோதே வண்டியின் இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது. காப்பீடு இல்லாத வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது என்பதால், ஏறத்தாழ 140 கிலோமீட்டரும் அது குட்டியானையில் ஏறித்தான் வந்தது.

நைரோபியில் திரும்ப மூடியபோது ஆணிக்குப் பதில் போல்ட் போடச் சொல்லியிருந்தேன். அதனால் சென்னையில் ஒரு பலகைகூட உடையாமல் பெட்டி திறந்தது. பலகைகளுக்கு வரிசை எண் எழுதி, போல்ட்டுகளைப் பையில் கட்டி வைத்திருக்கிறேன். வெப்ப முத்திரையும் அழியவில்லை. வேலூர்ப் பக்கத்திலிருந்து வெளிநாட்டுக்கு வண்டி அனுப்பப்போகிறவர்கள் யாராக இருந்தாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம்.