கரண்ட் வைத்தது கழுத்தில்… பல் ஏன் உடைகிறது?

புற்றுநோய்க்காகக் கழுத்தில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைத்துக்கொண்டவர்களுக்குப் பல் ஏன் உடைகிறது என்று பார்க்கப் போகிறோம். அதற்கு முன், வீடியோவை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நில்லுங்கள். வாயைத் திறந்து, நாக்கு நுனியை மேலே தூக்குங்கள். கீழ் முன்பற்களுக்குப் பின்னால், நாக்குக்கு அடியில், நட்டநடுவில் ஒரு சவ்வு விறைப்பாக நிற்கும். அதன் இரண்டு பக்கமும் குண்டூசித் தலை அளவில் இரண்டு சின்ன மேடுகள். தெரிகிறதா? சரி, இப்போது புளியங்காயை உப்பு, மிளகாய்த்தூளில் தொட்டுக் கடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊறிவிட்டதா? அந்த மேடுகளில் இருந்துதான் ஊறியது. தாடைக்குக் கீழே இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் வந்து திறக்கும் இடம் அது. சிலருக்கு நாக்கைத் தூக்கும்போது பீச்சியே அடிக்கும். எனக்கு அடித்தது, கேமரா லென்ஸில். அந்தக் காட்சியைக் காட்டப் போவதில்லை.

இதை ஏன் செய்யச் சொன்னேன் என்றால், நம் வாயிலேயே அதிகப் பாதுகாப்பில் இருப்பவை அந்தக் கீழ் முன்பற்கள்தான். நாள் முழுக்க உமிழ்நீரில் குளித்துக்கொண்டே இருக்கின்றன. உமிழ்நீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் உண்டு. பல் சுத்தம் செய்யப் போனால் டாக்டர் அந்த இடத்தில்தான் அதிக நேரம் சுரண்டுவார், கவனித்திருக்கிறீர்களா? அந்தத் தாதுக்கள் படிந்து காரை கட்டுவது அங்கேதான் அதிகம். காரை கட்டும், ஆனால் சொத்தை சுலபத்தில் விழாது.

கழுத்தில் கரண்ட் வைத்துக்கொண்டவர்களின் வாயைப் பார்த்தால் கதை தலைகீழ். அதே கீழ் முன்பற்கள் ஈறு ஓரமாகக் கறுத்து அரித்துப் போயிருக்கும். மடைக்குப் பக்கத்து வயலே காய்ந்து கிடக்கிறது என்றால் ஏரியில் தண்ணீர் இல்லை என்றுதானே அர்த்தம்?

(திரையில்: தலை, கழுத்தின் படம், காதுக்கு முன்னும் தாடைக்குக் கீழும் சுரப்பிகள்)

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கரண்ட் என்று சொன்னாலும் மின்சாரம் எதுவும் உடம்பில் பாய்வதில்லை. வாய், தொண்டைப் புற்றுக்குப் பெரும்பாலும் மொத்தம் 60 முதல் 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), வாரத்துக்கு 5 நாள், 6 அல்லது 7 வாரம். அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த விநோதம் ஒன்று இதில் இருக்கிறது. வேகமாகப் பெருகும் செல்களைத்தான் கதிர்வீச்சு முதலில் அடிக்கும் என்பது பொதுக்கணக்கு. உமிழ்நீர்ச் சுரப்பியின் செல்கள் மெதுவாகப் பெருகுகிறவை, அதனால் தாக்குப்பிடிக்க வேண்டும். ஆனால் முதல் ஓரிரு வாரத்திலேயே சுரப்பு படுத்துவிடுகிறது! ஒரு நாளைக்கு அரை லிட்டரில் இருந்து ஒன்றரை லிட்டர் வரை ஊறிய இடத்தில் பசை மாதிரி கொஞ்சம் மிஞ்சும். அமிலத்தைத் தணிக்கும் சக்தியும் அதில் குறைந்துவிடும். பல்லின் மேல் உறையான எனாமல் கரையத் தொடங்குவது பி.எச். 5.5 வாக்கில் (பி.எச். என்பது அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). ஒரு வாய் இனிப்புக் காபி குடித்தால் நம் வாய் அந்த எல்லையைத் தொட்டுவிட்டுச் சீக்கிரம் மேலே வந்துவிடும். இவர்கள் வாய் அங்கேயே கிடக்கும். அதனால்தான் கதிர் நேராகப் படாத பல்லும் சொத்தையாகிறது.

சாதாரணச் சொத்தை கடைவாய்ப்பல் குழியில் விழும், வலிக்கும், நாமும் அலறிக்கொண்டு ஓடுவோம். இது பல்லின் கழுத்தைச் சுற்றி வளையமாக அரிக்கிறது, மரத்துக்குப் பட்டை உரித்த மாதிரி. பல பேருக்கு வலியே இருப்பதில்லை. இட்லியில் கல்லா என்று துப்பிப் பார்த்தால் கையில் இருப்பது பல்.

சரி, உடைந்ததைப் பிடுங்கிவிடலாமே? அங்கேதான் ஆபத்து. கதிர் பட்ட தாடை எலும்பில், முக்கியமாகக் கீழ்த்தாடையில், ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். பிடுங்கிய குழி மூடாமல் மாதக்கணக்கில் எலும்பு வெளியே தெரியலாம். பத்து வருடம் கழித்துப் பல் டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியம் “எனக்குக் கரண்ட் வைத்திருக்கிறார்கள்” என்பதாக இருக்கட்டும். காப்பாற்ற முடியாத பற்களை சிகிச்சைக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே எடுத்துவிடுவது அதற்காகத்தான். புற்றுநோய் என்று கேட்டதும் வீடே இடிந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது பல்லைப் பற்றி யார் யோசிப்பார்கள்? அதனால்தான் இந்த வீடியோவை உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்கிறேன், லைக்குக்காக மட்டும் இல்லை.

நல்ல செய்தியும் உண்டு. சுரப்பியை ஒதுக்கிவிட்டுக் கட்டியை மட்டும் குறிவைக்கும் ஐ.எம்.ஆர்.டி. முறையை பிரிட்டனில் பழைய முறையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், முடிவு 2011இல் வந்தது. ஒரு வருடம் கழித்து வாய் வறட்சியால் சிரமப்பட்டவர்கள் பழைய முறையில் 74 சதவீதம், புதியதில் 38.

பற்பசையிலும் ஒரு விஷயம். கடையில் வாங்குவதில் ஃபுளூரைடு 1000 முதல் 1450 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருக்கும், இவர்களுக்கு 5000 உள்ளதை எழுதித் தருவார்கள், அல்லது பல் அச்சுத் தட்டில் ஜெல் வைத்து தினமும் 5 நிமிடம். ஆயுசுக்கும்.

அப்புறம், வாய் வறண்டால் இருமல் மிட்டாயை அடக்கிக்கொள்ளும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்! வறண்ட வாயில் சர்க்கரையை ஊறப்போடுவது அது. தண்ணீர் பாட்டில் போதும்.

உங்கள் ஊரில் இந்த சிகிச்சையைக் கரண்ட் என்றுதான் சொல்கிறார்களா, வேறு பெயரா? கமென்ட்டில் எழுதுங்கள். கண்ணாடியில் பீச்சி அடித்தவர்களும் கை தூக்கலாம்.