ஆசை பற்றி அறையலுற்றேன்

(படைப்புத் துறைகளுக்குள் புதிதாக வருபவர்களுக்காக நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'படைப்பாளியின் தன்னம்பிக்கையும் தனித்தன்மையும்'. இதைப் பற்றி ஊக்கமூட்டிப் பேசுவோருக்குப் பஞ்சமில்லை. அவர்கள் பேசி முடித்ததும் மலையையே புரட்டிவிடலாம் என்று தோன்றும். மறுநாள் காலை வெற்றுத்தாளின் முன் உட்கார்ந்தால் மலை இருந்த இடத்திலேயே இருக்கும். எனவே ஊக்கமூட்டும் வேலையை நான் செய்யப்போவதில்லை.

இங்கே எழுதுகிறவர்கள் இருக்கிறீர்கள்; வரைகிறவர்கள், இசையமைப்பவர்கள், படமெடுக்க நினைப்பவர்கள் இருக்கிறீர்கள். கூட்டம் தொடங்கும் முன் உங்களோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒரே வாக்கியம் பல வடிவங்களில் காதில் விழுந்தது: "கொஞ்சம் நம்பிக்கை வந்ததும் ஆரம்பித்துவிடுவேன்." இந்த வாக்கியத்தோடுதான் என் வழக்கு.

கம்பன் தன் காவியத்தின் தொடக்கத்தில் அவையடக்கம் பாடுகிறான்.

"ஓசை பெற்றுயர் பாற்கடல் உற்றொரு
பூசை முற்றவும் நக்குபு புக்கென
ஆசை பற்றி அறையலுற்றேன்"

பூசை என்றால் பூனை. அலையோசை மிகுந்த பாற்கடலின் கரையில் நின்றுகொண்டு, அத்தனையையும் நக்கிக் குடித்துவிடுவேன் என்று ஒரு பூனை இறங்கினால் எப்படியோ, அப்படித்தான் நானும் இந்தக் கதையைச் சொல்லப் புகுந்தேன் என்கிறான். அவையடக்கம் ஒரு மரபு, பெரும் புலவர்கள் எல்லோரும் பாடுவதுதான் என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் மூன்றாம் அடியைப் பாருங்கள். எதைப் பற்றிக்கொண்டு இறங்கினானாம்? திறமையை அன்று. குருவின் ஆசியையும் இந்த இடத்தில் சொல்லவில்லை. ஆசையைப் பற்றிக்கொண்டு இறங்கினேன் என்கிறான். தன்னால் முடியுமா என்ற கேள்விக்குப் 'பூனை' என்று பதில் சொல்லிவிட்டு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடி முடித்தான். நீங்கள் வருமென்று காத்திருக்கிற அந்த நம்பிக்கை, தொடங்கிய நாளில் கம்பனிடமே இருந்ததாகத் தெரியவில்லை. ஆசை இருந்தது.

அப்படியானால் நம்பிக்கை எப்போதுதான் வருகிறது? உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இந்தத் துறையில் அடிக்கல் போன்றது. ஒருவருக்குத் தன் ஆற்றல் மீதான நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்று அவர் ஆராய்ந்தார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கமொழி, உடலும் மனமும் இருக்கும் நிலை என நான்கு ஊற்றுகளைச் சொன்னார். நான்கில் வலிமையானது முதலாவது. ஊக்கமொழியால் வரும் நம்பிக்கை, முதல் தோல்வியிலேயே கரைந்துவிடக்கூடியது. மேடையில் நின்று பேசுகிற எனக்கு இது அவ்வளவு மகிழ்ச்சியான செய்தி இல்லை. ஆனாலும் உண்மை அதுதான். கைப்பேசித் திரையில் விழும் பாராட்டுக் குறிகளும் இந்த ஊக்கமொழிக் கணக்கில்தான் வரும்.

பண்டூரா சொல்லும் நம்பிக்கை ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியானது. நன்றாகச் சிறுகதை எழுதுகிறவருக்கு நாடக வசனத்தில் நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். இதைப் புரிந்துகொண்டால் ஒரு பெரிய சுமை இறங்கிவிடும். "நான் படைப்பாளிதானா?" என்று யாரும் தன்னைக் கேட்டுக்கொள்ளத் தேவையில்லை. "இந்த நான்கு பக்கத்தை என்னால் முடிக்க முடியுமா?" என்று கேட்டால் போதும். அதற்கு ஒரு வாரத்தில் விடை கிடைத்துவிடும்.

முடிப்பது என்ற சொல்லை வேண்டுமென்றேதான் பயன்படுத்துகிறேன். நம் இழுப்பறைகளில் தொடங்கியவை நிறைய இருக்கின்றன. ஏழு பாக நாவலின் முதல் மூன்று அத்தியாயங்கள், பெயர் மட்டும் வைத்த இசைத்தொகுப்பு. அரைகுறையாக விட்ட ஒவ்வொன்றும் 'உன்னால் முடியாது' என்பதற்குச் சாட்சியாக அங்கேயே கிடக்கிறது. இரண்டு பக்கக் கதை சுமாராக வந்தாலும் முடித்துவிடுங்கள். முடிவு எழுதத் தெரியாதவருக்கு முடிவு எழுதிப் பார்க்காமல் அது வராது.

இடையில் ஐயம் வரும். வரட்டும். பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978-இல் ஒரு மனநிலையை விவரித்தார்கள். நன்றாகச் சாதித்த பெண்கள் பலர், தங்கள் வெற்றியெல்லாம் ஏதோ தவறுதலாகக் கிடைத்தது, ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று உள்ளூர அஞ்சிக்கொண்டிருந்தார்கள். அந்த அச்சம் ஆண்களுக்கும் உண்டு என்பது பிறகு தெரிந்தது. எனவே, சாதித்துவிட்டால் ஐயம் போய்விடும் என்று எண்ண வேண்டாம். ஐயத்தை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது. "இந்தப் பத்தி சரியில்லையோ" என்ற ஐயம் பத்தியைத் திருத்தும். "நானே சரியில்லையோ" என்ற ஐயத்தால் திருத்தக்கூடியது எதுவும் இல்லை. அது ஆளை முடக்கிப் போடும்.

நிராகரிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டோரிஸ் லெஸ்ஸிங் பின்னாளில், 2007-இல், இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். 1980-களின் தொடக்கத்திலேயே அவர் உலகறிந்த எழுத்தாளர். அப்போது ஒரு சோதனை செய்து பார்த்தார். புதிய நாவலுக்கு ஜேன் சோமர்ஸ் என்று புனைபெயர் வைத்து, அறிமுகமற்ற எழுத்தாளரைப் போலப் பதிப்பகங்களுக்கு அனுப்பினார். அவருடைய சொந்தப் பதிப்பகமே வேண்டாம் என்று திருப்பிவிட்டது. 1983-இல் வேறொரு பதிப்பகம் வெளியிட்டது, பெரிதாக விற்கவில்லை. அடுத்த ஆண்டு உண்மையைச் சொன்னார். பதிப்பகத்தார் முட்டாள்கள் என்று காட்ட இதைச் சொல்லவில்லை. எந்த நிராகரிப்பிலும் உங்கள் எழுத்தின் தரம் ஒரு பங்குதான். பெயர், சந்தை, பருவம், படித்தவரின் அன்றைய மனநிலை ஆகியவையும் கலந்திருக்கும். எது எவ்வளவு என்று பிரித்தறிய உங்களுக்கு வழியே இல்லை. பிரிக்க முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு உங்களையே எடைபோடுவது வீண் வேலை. பாராட்டுக்கும் இதே கணக்குத்தான் என்பது கசப்பான செய்தி.

இனித் தனித்தன்மைக்கு வருகிறேன். இதில்தான் நம் காலத்தில் குழப்பம் மிகுதி. 'உன் குரலைக் கண்டுபிடி' என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது எங்கோ புதைந்திருப்பதுபோலவும், தோண்டி எடுத்துத் துடைத்துவிட்டால் முடிந்தது என்பதுபோலவும் ஒரு பேச்சு. பிறரைப் போல எழுதிவிடுவோமோ என்ற அச்சத்தில் படிப்பதையே நிறுத்திவிட்ட இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். தனித்தன்மையைக் காக்கப்போய்ப் பட்டினி கிடக்கிறார்கள்.

நம் இலக்கண ஆசிரியர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். வழிநூல் எது என்று நன்னூல் சொல்கிறது: முன்னோர் நூலின் முடிவை ஒத்துச் சென்று, "பின்னோன் வேண்டும் விகற்பம்" கூறுவது. பின்னால் வருகிறவன் தான் விரும்பும் வேறுபாட்டைச் செய்துகொள்ளலாம் என்று இலக்கணமே இடம் கொடுக்கிறது. கம்பன் செய்தது இதுதான். வான்மீகியின் கதையைச் சொல்கிறேன் என்று ஒளிக்காமல் சொன்னான். வான்மீகியிடம் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனின் இராவணனோ அவளைத் தொடாமல், குடிலை அது நின்ற நிலத்தோடு பெயர்த்தெடுக்கிறான். மிதிலையின் வீதியில் "அண்ணலும் நோக்கினான், அவளும் நோக்கினாள்" என்று நமக்கெல்லாம் மனப்பாடமான காட்சி மூலத்தில் இல்லவே இல்லை. கதை கடன் வாங்கியது. ஆனால் எந்த இடத்தில் மனம் ஒப்பவில்லையோ, எந்த இடத்தில் இன்னும் வேண்டும் என்று தோன்றியதோ, அங்கே கம்பன் தெரிகிறான்.

வின்சென்ட் வான்கோ 1889-இல் மருத்துவமனையில் இருந்தபோது மிலே என்ற மூத்த ஓவியரின் படங்களைப் பார்த்து வரைந்தார். இன்று உலகம் கொண்டாடும் அவருடைய முறை அதற்குள் முதிர்ந்துவிட்டிருந்தது. ஆனாலும் பார்த்து வரைந்தார். அவர் முன்னால் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகள். வண்ணம் முழுவதும் அவருடையது. அந்தப் படங்களை மிலேயின் படங்கள் என்று யாரும் தவறியும் சொல்லமாட்டார்கள். எனவே பிடித்தவர்களைப் பார்த்துச் செய்யுங்கள். யாரைப் பார்த்துச் செய்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்களால் அவர்களைப் போல வரவழைக்க முடியாமல் போகும் இடங்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் சில வெறும் பயிற்சிக் குறை. மற்றவை நீங்கள்.

பிறரைப் போலச் செய்வதைவிட எனக்கு அதிகம் கவலை தருவது, ஒருவர் தன்னையே போலச் செய்வது. ஒரு படைப்பு பேர் வாங்கிவிட்டால், அதையே மறுபடி கேட்பார்கள். அதைத் தருவதற்குத் 'தனி முத்திரை' என்று கௌரவமான பெயரும் இருக்கிறது. பிலிப் கஸ்டன் 1950-களில் அமெரிக்காவின் மதிப்புமிக்க அரூப ஓவியர்களில் ஒருவர். 1970-இல் நியூயார்க்கில் அவர் வைத்த கண்காட்சியில் அரூபம் இல்லை. முகமூடி மனிதர்கள், பூட்சுகள், மின்விளக்குகள் என்று கேலிச்சித்திரம்போலப் பருத்த உருவங்கள். விமரிசகர்கள் கிழித்தெறிந்தார்கள். சக ஓவியர் வில்லெம் டி கூனிங் போன்ற ஒரு சிலரே அவர் பக்கம் நின்றார்கள். கஸ்டன் பழைய பாணிக்குத் திரும்பவில்லை; 1980-இல் இறக்கும்வரை அந்தத் திசையிலேயே போனார். பிற்காலத்து ஓவியர்களை அதிகம் பாதித்தவை அந்தப் படங்கள்தான். இது மகிழ்ச்சியான முடிவு. எல்லோருக்கும் இப்படி வாய்க்காது. வாய்க்காமல் போயிருந்தாலும் அவர் செய்தது சரி என்றே நான் சொல்வேன்.

பிரெஞ்சு எழுத்தாளர் ரொமேன் கேரியின் கதை இன்னும் வேடிக்கையானது. பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கொன்கூர் ஒருவருக்கு ஒருமுறைதான். அவர் 1956-இல் அதைப் பெற்றார். பிறகு, தன் பெயருக்கென்று பிறர் வகுத்துவைத்த பிம்பம் சலித்துப்போய், எமில் அஜார் என்ற பெயரில் வேறொரு நடையில் எழுதி, 1975-இல் அதே பரிசை மறுபடி வென்றார். 1980-இல் அவர் மறைந்த பிறகுதான் இருவரும் ஒருவரே என்பது ஊருக்குத் தெரிந்தது. பொய்ப்பெயரில் எழுதியவரைத் தனித்தன்மை அற்றவர் என்பீர்களா? சொந்தப் பெயரில் எழுத முடியாத உண்மையை அந்தப் பெயரில் எழுதினார்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இறங்கினால் நான் நேர்மையற்றவன் ஆவேன். பிரெஞ்சு ஓவியர் செசானை அரசு ஆதரவு பெற்ற கண்காட்சி மீண்டும் மீண்டும் திருப்பி அனுப்பியது. முதல் தனிக் கண்காட்சி 1895-இல் நடந்தபோது அவருக்கு வயது 56. என்ன மனவுறுதி என்று வியக்கிறோம். அவருடைய தந்தை வங்கி நடத்தியவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வான்கோவுக்குத் தம்பி தியோ ஆண்டுக்கணக்கில் பணம் அனுப்பினார். மனவுறுதியில் ஒரு பகுதி, அடுத்த மாத வாடகை எங்கிருந்து வரும் என்பதைப் பொறுத்தது. அப்படி ஆதரவு இல்லாதவர் தன்னிடம் உறுதி இல்லை என்று நொந்துகொள்ளத் தேவையில்லை.

வேலைக்குப் போவது தோல்வியும் இல்லை. டி. எஸ். எலியட் 1917 முதல் 1925 வரை லண்டனில் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். அவருடைய மிகப் புகழ்பெற்ற நீள்கவிதை 1922-இல், அந்த ஆண்டுகளின் நடுவில்தான் வெளிவந்தது. காஃப்கா பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரி. தனக்கு எழுத நேரம் கிடைக்கவில்லை என்று புலம்பித் தீர்த்தவர் அவர்; அந்தப் புலம்பல் நியாயமானது. ஆனாலும் சோறு போடும் வேலை ஒன்று இருந்தால், கலையிடம் சோறு கேட்க வேண்டியதில்லை. கேட்கத் தொடங்கினால் அது வாங்குகிறவரின் விருப்பத்துக்கு வளைந்தே தீரும்.

துண்டுச்சீட்டில் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எவ்வளவு காலம் முயன்று பார்க்கலாம்?" இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதை வைத்துப் பிழைப்பதற்கு எவ்வளவு காலம் என்றால், கையிருப்பைக் கணக்கிட்டு, வீட்டில் இருப்பவர்களையும் கேட்டு, ஒரு தேதி குறியுங்கள். தேதி வந்ததும் வெட்கப்படாமல் வேறு வேலை தேடுங்கள். இதைச் செய்துகொண்டிருப்பதற்கு எவ்வளவு காலம் என்றால், தேதி எதற்கு? யாரும் கேட்காதபோதும் செய்யத் தோன்றினால் செய்யுங்கள். தோன்றவில்லை என்றால் விட்டுவிடலாம். நல்ல வாசகர்களும் பார்வையாளர்களும் கலைக்குக் குறைவாகத்தான் இருக்கிறார்கள்.

நேரம் முடிந்துவிட்டது. மூன்றாம் வரிசையில் வெகுநேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறவரிடம் ஒலிவாங்கியைக் கொடுங்கள். வணக்கம்.